லோன்லி என்ற சொல்லும் குளியலறைக் கதவும்

அந்தத் தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரில் 'மிஸ்', முதுகுக்குப் பின்னால் 'கிராமர்'. "கிராமர் வருது, வாயை மூடுங்க" என்று எதிர் மருந்துக்கடைக்காரர் தன் கடைப் பையன்களுக்குச் சொல்வார். அவர் பயம் அவருக்கு. ஒருமுறை பஸ்ஸில் யாரோ ஒருவரின் காலை மிஸ் மிதித்துவிட்டாள். சாரி என்றாள். அந்த ஆளும் பெருந்தன்மையாக "நோ மென்ஷன்" என்றார். அவ்வளவுதான், மாட்டினார். அப்படிச் சொல்லக்கூடாது, 'டோன்ட் மென்ஷன் இட்' என்றுதான் சொல்ல வேண்டும், எங்கே சொல்லுங்கள் பார்ப்போம் என்று பிடித்துக்கொண்டாள். அவர் இறங்க வேண்டிய நிறுத்தமும் போயிற்று, அதற்கடுத்ததும் போயிற்று. அவர் ஒழுங்காகச் சொன்ன பிறகுதான் விட்டாள். காலை எடுத்தாளா என்று யாரும் கேட்கவில்லை.

புருஷன் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிவிட்டது. ஒரே மகள், கட்டிக்கொண்டு வேறு ஊரில் இருக்கிறாள். மிஸ் குடியிருந்தது ஒரு டயர் கிடங்குக்கு மேலே, மாடியில். கிடங்கு பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். வெளிப்பக்கமாக ஒரு படிக்கட்டு ஏறி வந்தால் முன்னறை. அங்கே பெஞ்சும் கரும்பலகையும். ஒரு தடித்த திரை. திரைக்கு அந்தப் பக்கம் நடு அறை, அதை ஒட்டி ஒரு பக்கம் சமையலறை, கடைசியில் குளியலறை. முன்னறைக்கு மட்டும்தான் மாணவர்களுக்கு அனுமதி. திரையைத் தாண்டினால் தொலைந்தார்கள்.

மாணவர்கள் என்றதும் சின்னப் பிள்ளைகள் என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாம் குடும்பம் குட்டி உள்ள ஆட்கள். வேலைக்கான ஆங்கிலத் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. அதில் தேறினால்தான் மேலே போக முடியும். அந்த வருஷம் மூன்று பேர். விமான நிலையத்துப் பஸ்ஸை ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரு பஸ் டிரைவர். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக நினைத்த ஒரு நர்ஸ். சீருடை தைக்கும் கம்பெனியில் மேற்பார்வை வேலைக்கு எழுதிப் போட்டிருந்த ஒரு தையல்காரம்மா. மூன்று பேருக்கும் ஆங்கிலத்தைக் கண்டால் நடுக்கம், மிஸ்ஸைக் கண்டால் அதைவிட நடுக்கம்.

மிஸ்ஸின் வகுப்பு எப்போதும் காதில்தான் தொடங்கும். தேர்வில் ஒலிபெருக்கியிலிருந்து பேச்சு வரும், கேட்டு எழுத வேண்டும். "முகத்தைப் பார்த்துப் புரிஞ்சுக்கிறதுக்குப் பேர் இங்கிலீஷ் இல்ல, ஜோசியம்" என்பாள். அதனால் அவள் திரைக்குப் பின்னாலேயே இருப்பாள். வாசல் கதவு திறந்திருக்கும். வந்தவர்கள் சத்தமில்லாமல் உட்கார வேண்டும். உள்ளேயிருந்து அவள் குரல் வரும். அவர்கள் எழுத வேண்டும். நடுவில் கேள்வி கேட்கக்கூடாது, எழுந்து வரக்கூடாது, ஒரு வார்த்தை தமிழ் பேசக்கூடாது. குரல் நின்றுவிட்டால் கேட்கும் பாடம் முடிந்தது என்று அர்த்தம்.

சும்மாவும் படிக்க மாட்டாள். நடிப்பாள். ரயில் அறிவிப்பு என்றால் மூக்கால் பேசுவாள். வாடகைக்கு வீடு கேட்டு வருகிற காட்சி என்றால் நிஜமாகவே கதவைத் தட்டுவாள். கொஞ்ச நாளைக்கு முன் தீயணைப்புக்குப் போன் பண்ணுகிற பாடத்தை எடுத்தாள். "ஹெல்ப், என் வீடு பற்றி எரிகிறது" என்று ஆங்கிலத்தில் அவள் போட்ட கூச்சலில் தையல்காரம்மா பதறிப்போய்த் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். மிஸ் நாற்காலியில் மகாராணி மாதிரி உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அந்தப் பெண்ணைக் கிழித்த கிழியை நான் இங்கே எழுதப் போவதில்லை. மேற்பார்வைக்குப் போகிற வயசில் ஒரு பெண்ணை வகுப்பு முடியும்வரை மாடிப்படியில் சாயங்கால வெயிலில் நிற்கவைத்தாள் என்பதோடு விட்டுவிடுகிறேன். அதற்குப் பிறகு உள்ளே கொலையே நடந்தாலும் மூன்று பேரும் குனிந்த தலை நிமிராமல் எழுதினார்கள்.

கதை நடந்த வாரம் பலகையில் இரண்டு சொற்கள் இருந்தன: அலோன், லோன்லி. மிஸ்ஸுக்குப் பிடித்த பாடம் அது. தமிழில் இரண்டுக்கும் 'தனியா இருக்கேன்' என்று ஒரே பதிலைச் சொல்லி ஒப்பேற்றிவிடுகிறார்கள் என்று அவளுக்கு ஆத்திரம். அலோன் என்பது தலைக்கணக்கு, பக்கத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான். லோன்லி என்பது மனசுக்குள் நடப்பது. கல்யாணக் கூட்டத்து நடுவிலும் ஒருத்தர் லோன்லியாக இருக்கலாம். 'லோன்லி உமன்' என்று சொல்லலாம். 'அலோன் உமன்' என்று சொன்னால் அடிப்பேன் என்பாள். வால் பக்கம் 'லி' இருக்கிறதே, வினையடைதான் என்று வினையோடு கொண்டுபோய் ஒட்டக்கூடாது. ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டைக்கூட லோன்லி எனலாம், ரோட்டுக்கு மனசு இல்லாவிட்டாலும் அதில் போகிறவனுக்கு இருக்கிறதல்லவா. இவ்வளவும் சொல்லிவிட்டு, வருஷா வருஷம் அதே உதாரணத்தைப் பலகையில் எழுதுவாள். ஷி லிவ்ஸ் அலோன். ஷி இஸ் நாட் லோன்லி. எழுதியதும் சாக்பீஸால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவாள்.

இந்தச் சொல்தான் வீட்டிலும் சண்டையை மூட்டியது. விடுமுறை வரப்போகிறதே என்று மகள் போன் பண்ணினாள்.

"நீ அங்க ரொம்ப லோன்லியா இருக்கம்மா. இங்க வந்து ரெண்டு வாரம் இரேன்."

"யாருடி லோன்லி? அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியுமா உனக்கு? எனக்கு லீவுலயும் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு. தலைக்கு மேல வேலை."

"உன்கிட்ட பேசினதே தப்பு" என்று மகள் வைத்துவிட்டாள்.

ஸ்பெஷல் கிளாஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மறுநாள் நர்ஸ் சாதாரணமாக, லீவில் என்ன பண்ணப் போறீங்க மிஸ் என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலும் மிஸ்ஸுக்கு இரக்க வாடை அடித்தது. "மக வீட்டுக்குப் போறேன். வா வான்னு உயிரை எடுக்கறா" என்று சொல்லிவிட்டாள். பொய்யிலும் பிழை இருக்கக்கூடாது என்று நினைக்கிற பிறவி அவள். பால் போடுகிறவரிடம் ஊருக்குப் போகிறேன், நிறுத்துங்கள் என்றாள். பேப்பரை நிறுத்தினாள். மருந்துக்கடைக்காரரிடமும் போகிறபோக்கில் சொல்லி வைத்தாள். மகளுக்கு அம்மா வகுப்பில் இருக்கிறாள்; ஊருக்கு அம்மா மகள் வீட்டில் இருக்கிறாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் வாய் ஒவ்வொரு கதவாகப் போய்ச் சாத்திவிட்டு வந்தது.

விடுமுறைக்கு முன் கடைசி வகுப்பு, அன்றைக்குக் கேட்கும் பாடம் மட்டும்தான் என்று முன்னமே சொல்லியிருந்தாள். சாயங்காலம். மிஸ் வாசல் கதவைத் திறந்து வைத்தாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி; காலையும் மாலையும் ஊசி. வகுப்பு முடிய நேரமாகும் என்பதால் மாலை ஊசியை முதலில் போட்டு, ரொட்டியைத் தின்றுவிட்டு வந்து உட்காருவது பழக்கம். அன்றும் ஊசியைப் போட்டாள். ரொட்டியைத் தட்டில் வைத்து நடு அறை மேசைமேல் மூடினாள். முகம் கழுவிவிட்டு வந்து சாப்பிடலாம் என்று குளியலறைக்குப் போனாள். போன் சார்ஜில் கிடந்தது.

அந்தக் கதவின் பிடி பல நாளாக ஆடிக்கொண்டிருந்தது. முகத்தைத் துடைத்துவிட்டுத் திருகினாள். பிடி கையோடு வந்துவிட்டது. கதவுக்குள் இருந்த சதுரக் கம்பி, வெளிப்பக்கப் பிடியோடு சேர்ந்து அந்தப் பக்கம் டங்கென்று விழுந்தது.

முதலில் சிரிப்புதான் வந்தது. ஓட்டைக்குள் விரலை விட்டாள், எட்டவில்லை. பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பை நுழைத்துத் திருகினாள், முறிந்தது. சீப்பை நுழைத்தாள், அதன் பல் இரண்டு உதிர்ந்தது. தோளால் தள்ளினாள்; கதவு உள்பக்கம் திறக்கிற கதவு, தள்ளி என்ன புண்ணியம். உயரத்தில் ஒரு சன்னல், கண்ணாடிப் பட்டைகள் வைத்தது. அதற்கு அந்தப் பக்கம் பக்கத்துக் கட்டடத்தின் மொட்டைச் சுவர்.

அப்போதுதான் ஊசி ஞாபகம் வந்தது. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். முதலில் வேர்க்கும், கை நடுங்கும். பிறகு புத்தி பிசகும். பிறகு விழுவாள். விழுந்தால் தூக்க ஆள் வேண்டும். வாளியில் தண்ணீர் இருக்கிறது, சோப்பு இருக்கிறது, தின்ன ஒரு பருக்கை கிடையாது.

பிள்ளைகள் வந்துவிடுவார்கள், கூப்பிட்டால் ஆயிற்று என்று தேற்றிக்கொண்டாள். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் போய்விட்டால் அப்புறம் யார் என்று ஒரு நினைப்பு ஓடியது. பால்காரர் வர மாட்டார். பேப்பர் வராது. மருந்துக்கடைக்காரர் தேட மாட்டார். மகள் கோபத்தில் இருக்கிறாள். போன் எடுக்காவிட்டால் அம்மாவுக்கும் கோபம் தணியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வாள். இரண்டு வாரம். அந்த நினைப்பை அதற்குமேல் ஓடவிடவில்லை.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. பெஞ்சு கிறீச்சிட்டது. நர்ஸின் இருமல், டிரைவரின் தொண்டைக் கனைப்பு. மிஸ்ஸுக்கு உயிர் வந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது, பாழாய்ப்போன பழக்கம், ஆங்கிலம்தான் வந்தது. கௌரவமான ஆங்கிலம்.

"வில் சம்படி கம் ஹியர், ப்ளீஸ்?"

முன்னறையில் மூன்று பேனாக்களும் ஒரே நேரத்தில் ஓடுவதுபோல் அவளுக்குத் தோன்றியது. கேட்டதோ கற்பனையோ, அவளுக்கே தெரியாது.

"ஐ ஆம் லாக்ட் இன் த பாத்ரூம். ஐ ஆம் அலோன்." கதவை உள்ளங்கையால் தட்டினாள். "ஐ ஆம் அலோன் ஹியர். ஓபன் த டோர்."

அங்கே டிரைவர் கிசுகிசுத்தார். வகுப்பில் தமிழ் கூடாதுதான், ஆனாலும் மனுஷனுக்கு அடக்க முடியவில்லை. "இன்னிக்கு எஃபெக்ட் பிரமாதம். எதிரொலி எல்லாம் வருது."

"பேசாதீங்க" என்றாள் நர்ஸ். "அலோனா, லோன்லியா? எனக்குச் சரியா கேக்கல."

"ஆள் இல்லைங்கறாங்க, அப்ப அலோன்தான். அதானே அன்னிக்குச் சொன்னாங்க?" என்றார் டிரைவர்.

தையல்காரம்மா மட்டும் பேனாவை நிறுத்தித் திரையைப் பார்த்தாள். நிஜமாக இருந்தால் என்ன பண்ணுவது என்று அவளுக்கு ஒரு உறுத்தல். நிஜமில்லாவிட்டால் மறுபடி மாடிப்படி. குனிந்து எழுதினாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'புலி வருது' என்று கத்திக் கத்தி ஊரைப் பழக்கியது அவளா?

உள்ளே மிஸ்ஸுக்குக் கழுத்து வேர்த்தது. முகம் துடைத்த துண்டால் துடைத்தாள், மறுபடி வேர்த்தது. வெக்கையாக்கும் என்று நினைக்கப் பார்த்தாள். கையை நீட்டிப் பார்த்தாள். விரல்கள் தாமாக ஆடின. தொடங்கிவிட்டது.

"ஹெல்ப்" என்று கத்தினாள். கத்திய அந்த நொடியே, தீயணைப்புப் பாடத்தில் இதைவிட நன்றாகக் கத்தினோமே என்று தோன்றியது. தலையில் அடித்துக்கொண்டாள். அவள் எப்படிக் கத்தினாலும் அது அவர்களுக்குப் பாடம். கெஞ்சினால் பாடம், அழுதால் நல்ல பாடம். அடுத்த வாக்கியத்தை யோசித்தாள். ஊசி என்பதற்கு ஆங்கிலம் வரவில்லை. முப்பது வருஷம் சோறு போட்ட மொழி, கூப்பிட்ட நேரத்துக்கு வரவில்லை. சொற்கள் எங்கேயோ தெரிகின்றன, எட்டிப் பிடித்தால் நழுவுகின்றன. இதைவிட அவளுக்குப் பயம் தந்தது வேறில்லை. புத்தி போக ஆரம்பித்துவிட்டது, அடுத்தது விழுவதுதான்.

ஆபத்துக்குப் பாவம் இல்லை. தமிழுக்குத் தாவினாள்.

"கதவு மாட்டிக்கிச்சு. பிடி கழண்டுடுச்சு. யாராவது வந்து திறந்து விடுங்க."

முன்னறையில் பெஞ்சு ஒருமுறை அசைந்தது. வந்துவிட்டார்கள் என்று மிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"தமிழ்ல பேசறாங்களே" என்றாள் தையல்காரம்மா.

"மொழிபெயர்ப்பு" என்றார் டிரைவர். "தேர்வுல அந்தப் பகுதியும் உண்டுல்ல? கேட்டதை இங்கிலீஷ்ல எழுதணும். எழுதும்மா, எழுது. த டோர் இஸ்... மாட்டிக்கிச்சுன்னா என்ன?"

"ஸ்டக்" என்றாள் நர்ஸ்.

இவ்வளவும் மிஸ்ஸின் காதில் விழுந்தது. கண்டிப்பான வாத்தியாருக்குக் கெட்டிக்காரப் பிள்ளைகள் கிடைத்தால் வருகிற வினை இது. கதவில் சாய்ந்தபடி சரிந்து தரையில் உட்கார்ந்தாள். நாக்கு தடித்துப் போயிற்று. நான் சொல்வது பாடம் இல்லை என்று சொல்ல வேண்டும். அதையும் பாடம் என்றுதான் எழுதுவார்கள். என்ன சொன்னால் நம்புவார்கள்? யோசிக்க யோசிக்க எண்ணம் கலைந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டாள்.

குரல் நின்றுவிட்டது. குரல் நின்றால் பாடம் முடிந்தது.

"முடிஞ்சுதுபோல" என்றார் டிரைவர். பெஞ்சு பின்னால் நகர்ந்தது. "எனக்கு ஷிப்ட் இருக்கு. லீவு முடிஞ்சு வந்து திருத்துவாங்க." பிறகு திரையைப் பார்த்து மரியாதையாகக் குரல் கொடுத்தார். "ஹாப்பி ஹாலிடேஸ், மிஸ். ஹாப்பி ஜர்னி."

"ஹாப்பி ஜர்னி, மிஸ்" என்றாள் நர்ஸ்.

செருப்பு மாட்டுகிற சத்தம். மிஸ்ஸுக்கு அது தெளிவாகக் கேட்டது, ஒவ்வொரு செருப்பும். போகப் போகிறார்கள். வாசல் கதவை ஒழுங்காகச் சாத்திவிட்டுப் போவார்கள், அதையும் அவள்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பிறகு இந்த வீட்டில் ஈ காக்கை வராது. அவளுக்கு வந்த பயம் இப்போது சாவுப் பயம் மாதிரிகூட இல்லை. புருஷன் போன பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் வகுப்பு கலைந்து இந்தச் செருப்புச் சத்தம் கேட்கிறபோதெல்லாம் வருகிற அதே பயம்தான், இன்றைக்கு அதை மறைத்து வைக்கத் தெம்பு இல்லை. வாயிலிருந்து அதுவே வந்தது. கத்தவில்லை. குழறலாக, பாதி அழுகையாக வந்தது.

"போகாதீங்க. நான் மக வீட்டுக்குப் போகல. பொய் சொன்னேன். பால்காரர்கிட்டயும் பொய்தான் சொன்னேன். நீங்க போனா இனிமே யாரும் வர மாட்டாங்க. எனக்குப் பயமா இருக்கு."

டிரைவர் ஒரு காலில் செருப்போடு நின்றார். "இதுவும் எழுதணுமா?"

தையல்காரம்மா கைப்பையைப் பெஞ்சில் போட்டாள். "இது பாடம் இல்ல."

"போகாதம்மா. மறுபடி வெளியில நிக்க வைப்பாங்க" என்றார் அவர்.

"நின்னா நிக்கறேன், வெயில்தானே. மிஸ் பாடத்துக்காக ஆயிரம் பொய் சொல்வாங்க. பொய் சொன்னேன்னு சொல்வாங்களா?"

திரையை விலக்கிக்கொண்டு போனாள். நடு அறையில் மூடிய தட்டும், பக்கத்தில் ஊசியும் இருந்ததைப் பின்னால் வந்த நர்ஸ்தான் முதலில் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. "ஐயோ, ஊசி போட்டுட்டு சாப்பிடல" என்று சமையலறைக்கு ஓடினாள். தையல்காரம்மா குளியலறை வாசலில் மண்டியிட்டாள். தரையில் பிடியும் கம்பியும் கிடந்தன. எடுத்து ஓட்டையில் நுழைத்தாள். நூல் கோக்கிற கை, நடுங்கவில்லை. திருப்பினாள். வெளியிலிருந்து ஒரு நொடி வேலை. கதவு கொஞ்சம் திறந்து நின்றது. உள்ளே சாய்ந்திருந்த மிஸ்ஸின் உடம்பு தடுத்தது.

"மிஸ், கொஞ்சம் நகருங்க. நான்தான்."

மிஸ் நகர்ந்தாள். எப்படி நகர்ந்தாள் என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. நர்ஸ் சர்க்கரை கரைத்த தண்ணீரைச் சிறுகச் சிறுகப் புகட்டியதும், பாதி புடவையில் வழிந்ததும் மங்கலாக நினைவிருக்கிறது. புத்தி தெளிந்தபோது நடு அறை நாற்காலியில் இருந்தாள், கையில் ரொட்டி இருந்தது. நர்ஸ் அவளைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"ஊசியைப் போட்டா உடனே சாப்பிடணும்னு தெரியாதா உங்களுக்கு? சின்னப் பிள்ளையா நீங்க? இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா என்ன ஆயிருக்கும்?"

மிஸ் ரொட்டியை மென்றாள். டிரைவர் திரை ஓரமாக, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல், ஒற்றைச் செருப்போடு நின்றார். கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சுக்கங்க மிஸ். நீங்க தட்டுறீங்க, நான் பாருங்க, நல்லா இருக்குன்னு ரசிச்சுட்டு உக்காந்திருக்கேன்."

"உங்க மேல தப்பில்ல" என்றாள் மிஸ். அவ்வளவு சின்னக் குரலை அவர் அவளிடம் கேட்டதில்லை. அதற்குப் பிறகு அவரால் அங்கே நிற்க முடியவில்லை, முன்னறைக்குப் போய்விட்டார்.

நர்ஸ் விடவில்லை. மகளுக்குப் போன் போடுங்கள், நீங்கள் போடாவிட்டால் நான் போடுகிறேன் என்றாள். மிஸ் போனை வாங்கினாள். மணி அடிக்கிறபோது அவளுக்கு மறுபடி வேர்த்தது. நர்ஸ் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். சர்க்கரை காரணம் இல்லை.

"என்னம்மா, கிளாஸ் இல்லையா?" என்றாள் மகள். கோபம் இன்னும் ஆறவில்லை.

"கிளாஸ்னு சொன்னது பொய்டி. நான் அங்க வரட்டுமா?"

அந்தப் பக்கம் சின்னக் குழந்தை ஒன்று எதையோ தட்டிக்கொண்டிருந்தது கேட்டது. நடுவில் யாரோ பெரியவர் பேசினார், மகள் போனைக் கையால் மூடிப் பதில் சொன்னாள்.

"நீ வரலைன்னு சொன்னதால அவர் அப்பா அம்மாவை வரச் சொல்லிட்டோம்மா. நேத்துதான் வந்தாங்க. இடம்... இரு, நான் அவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன். நீ நல்லாத்தானே இருக்க?"

"நல்லா இருக்கேன். அவசரமில்லடி. மெதுவா கேளு."

போனை வைத்தாள். குளியலறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நர்ஸ் ஏதோ கேட்க வாயெடுத்து, மிஸ்ஸின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். டிரைவருக்கு ஷிப்ட் நேரம் நெருங்கிவிட்டது. நர்ஸுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவர் பஸ்ஸிலேயே அவளும் போகலாம் என்று பேசிக்கொண்டார்கள். நர்ஸ் தன் நம்பரை மிஸ்ஸின் போனில் முதல் பெயராகப் போட்டுவிட்டு, இன்னும் ஒரு ரொட்டி சாப்பிட வேண்டும் என்று மிரட்டிவிட்டுப் போனாள். டிரைவர் குளியலறைப் பிடியை நாளைக்கு வந்து மாட்டித் தருவதாகச் சொன்னார். இருவரும் படியிறங்கினார்கள். மிஸ் அந்தச் சத்தத்தைக் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

தையல்காரம்மா தட்டைக் கழுவி வைத்தாள். கைப்பையை எடுத்து, வாசலில் போய்ச் செருப்பை மாட்டினாள்.

"நானும் கெளம்பட்டா மிஸ்? வேற ஏதாவது வேணுமா?"

ஒன்றும் வேண்டாம் என்று சொல்லத்தான் மிஸ் வாயைத் திறந்தாள். வருஷக்கணக்காகச் சொல்லி வந்த பதில், தானாக வந்திருக்கும். கை நடுக்கம் நின்றிருந்தது. தலை தெளிவாக இருந்தது. இப்போது எதைச் சொன்னாலும், சர்க்கரை குறைந்து உளறினேன் என்று நாளைக்கு மழுப்ப வழியில்லை. நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இரு. எனக்குத் தனியா இருக்க பயமா இருக்கு."

"இன்னிக்கு இப்படி ஆனதாலயா?"

"இன்னிக்கு மட்டும் இல்ல. அவர் போனதுலேருந்து."

தையல்காரம்மா வாசல் நிலையைப் பிடித்தபடி அவளையே பார்த்தாள். பரிதாபப்படவில்லை. கணக்குத் தீர்க்கிற முகமாகத்தான் இருந்தது.

"அப்போ எங்களை அந்த அதட்டு அதட்டினது? என்னை வெயில்ல நிக்க வெச்சது?"

மிஸ் தலை குனிந்தாள்.

"அதுவும் பயந்தான்" என்றாள்.

தையல்காரம்மா செருப்பைக் கழற்றி, வெளியே விடாமல், கதவுக்கு உள்பக்கமாக வைத்தாள்.